செப்புப் பின்னல்

பந்தய மைதானத்தில் பரிசோதகர் எங்கள் காருக்குள் தலையை நுழைத்திருந்தார். வெளியே தெரிந்தது மஞ்சள் மேலங்கியின் முதுகும் சேறு படிந்த சப்பாத்துகளும் மட்டும்தான். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அண்ணி, தலைக்கவசத்தைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இதைப் பின்னியது யார்?" என்று பரிசோதகர் உள்ளிருந்தபடியே நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பாராட்டுக்கூட இருந்ததாக எனக்குப் பட்டது.

எட்டிப் பார்த்தேன். பற்றரிப் பெட்டிக்கு அருகே நான் பூட்டியிருந்த பியூஸ் கூட்டின் கறுப்பு மூடி திறந்திருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பியூஸ் இல்லை. இரண்டு திருகாணிகளுக்கு நடுவே, செப்புக் கம்பி இழைகளை மூன்று காலாகப் பிரித்துப் பின்னிய ஒரு சடை இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போட்டுவிடுவதுபோல இழுத்து, இறுக்கி, நுனி பிரியாமல் முடிந்த சடை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி வானத்தைப் பார்த்தார்.

அண்ணி

இந்தத் தொடரில் அண்ணி முன்பே ஓரிரு தடவை தலைகாட்டியிருக்கிறார். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் கோமதி. ஊர் பாளையங்கோட்டை. மென்பொருள் வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்தவர், என் அண்ணன் சுதனைச் சந்தித்து, புருசெத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மருமகளானார்.

எங்கள் வழக்கப்படி நான் அவரை மச்சாள் என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது தேத்தண்ணீர் புரையேறும்வரை சிரித்தார்.

"அண்ணின்னு கூப்பிடு. இல்லேன்னா கோமதின்னு கூப்பிடு. இது மட்டும் வேண்டாம்ட்டி," என்றார்.

அண்ணி என்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

இந்த நாட்டில் அவருக்கு எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். பனிக்கு எந்தச் சப்பாத்து, பனி உருகி மறுபடி உறைந்தால் எந்தச் சப்பாத்து, குப்பையை எந்த நிறப் பையில் கட்டுவது, பக்கத்து வீட்டாரிடம் எவ்வளவு கதைத்தால் மரியாதை, எவ்வளவு கதைத்தால் தொல்லை. வீட்டில் எதற்கும் ஒரு ஆசிரியர் தயாராக இருந்தார். பெரும்பாலும் அது நான். என்னிடம் எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அந்தப் பொறுமை அவருக்கு எவ்வளவு அலுத்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் எங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை.

சறுக்கிய நாள்

இங்கே கார் ஓட்டும் உரிமம் வேண்டுமானால் வழுக்குப் பாதையில் ஒரு பயிற்சி கட்டாயம். எண்ணெய் பூசியதுபோன்ற தளத்தில் காரை ஓடவிட்டு, அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன நடக்கும் என்று காட்டுவார்கள். ஆளைப் பயமுறுத்தித் திருத்துவதுதான் நோக்கம்.

என் விஷயத்தில் அந்த நோக்கம் நன்றாகவே நிறைவேறியது. அண்ணா அந்தப் பயிற்சிக்குப் பிறகு சில நாள் எங்கே போனாலும் சுரங்க ரயிலில்தான் போனார்.

அண்ணியின் கார் முதல் தடவை சுழன்றபோதே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டாராம். இரண்டாவது தடவை இன்னும் பலமாக. பயிற்றுநர் காரை நிறுத்தச் சொல்லி, "உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டாராம். "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்றாராம் இவர்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி வந்தது.

"ஏன் தர்சினி, இந்த ஊர்ல இதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு சரளைப் பாதை. பழைய கார்களைச் சேற்றில் விரட்டி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும் ஒரு கழகம். இந்த விளையாட்டைப் பில்குரொஸ் என்பார்கள். அண்ணியின் அலுவலகத்தில் ஒருவர் அதில் உறுப்பினர். அவருடைய களஞ்சியத்தில், பழைய வைக்கோலுக்குப் பக்கத்தில், சின்ன ஜப்பானியக் கார் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கிய பிறகுதான் அண்ணி வீட்டில் சொன்னார்.

"உமக்கு விசரே?" என்றார் அண்ணா.

"ஆமா, பைத்தியந்தான்," என்றார் அண்ணி. "ஹெல்மெட்டும் வாங்கிட்டேன்."

புதியவர்களை அந்தக் கழகம் வசந்தகாலத்தின் முதல் ஓட்டத்தில் மட்டும்தான் சேர்க்கும். அன்று கார் பரிசோதனையில் தேறாவிட்டால் இன்னொரு முழுக் குளிர்காலம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணாவின் பக்கம் ஆள் சேர்ந்துவிடும். அம்மா ஏற்கெனவே பாதி அந்தப் பக்கம்.

முன்னிருந்து பின்னுக்கு

கழக விதிகளில் ஒன்று: பற்றரி காரின் முன்பக்கத்தில் இருக்கக் கூடாது. மோதினால் முதலில் நசுங்கும் இடம் அது. ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால், தரையோடு பூட்டிய மூடிய பெட்டிக்குள் அதை வைக்க வேண்டும்.

"இது உன் டிபார்ட்மென்ட்ட்டி," என்றார் அண்ணி.

நான் மின்பொறியியல் படித்தவள். வேலையில் கட்டடங்களுக்கு மின்சாரத் திட்டம் வரைகிறேன். நான் வரைந்ததை வேறு யாரோ பூட்டுவார்கள். முதல் தடவையாக நானே என் கையால் பூட்டப் போகிறேன். உள்ளே துள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே, வழக்கம்போல, பட்டியல் போட்டேன்.

முதலாவது, கேபிளின் தடிப்பு. பற்றரி முன்னால் இருக்கும்போது எஞ்சினுக்கு ஒரு முழக் கேபிள் போதும். பின்னால் போனால் அது கார் நீளத்துக்கு ஓட வேண்டும். நீளம் கூடக்கூட வழியிலேயே கொஞ்சம் வோல்ற் செத்துப்போகும்; எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சோம்பிவிடும். ஆகவே கேபிள் தடிப்பாக இருக்க வேண்டும். ஐம்பது சதுர மில்லிமீற்றர் வாங்கினேன். என் சுண்டுவிரலை விடத் தடிப்பு. அண்ணி அதைத் தூக்கிப் பார்த்து, "பாம்பு மாதிரில்லா இருக்கு," என்றார்.

இரண்டாவது, அது போகும் வழி. ஆசனத் தண்டவாளம், கூர்மையான தகட்டு விளிம்பு, சூடான புகைக்குழாய் எதையும் தொடக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் இறப்பர் வளையம்.

மூன்றாவது, பிரதான சுவிட்ச். காருக்கு வெளியே நிற்பவர் அதை இழுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் சாக வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. எஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து சுழலும் அல்டர்னேட்டர் தானே மின்சாரம் தயாரிக்கும். அதன் வயரைச் சுவிட்சின் தவறான பக்கத்தில் பூட்டினால், பற்றரியைத் துண்டித்த பிறகும் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

நாலாவது, பியூஸ். இதற்குத்தான் நான் மிக அதிகமாக யோசித்தேன்.

காரின் உடல் முழுக்க இரும்பு. அந்த நீளக் கேபிளின் தோல் எங்காவது உரிந்து உடம்பைத் தொட்டால், பற்றரி தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரேயடியாக அதற்குள் கொட்டும். கேபிள் செக்கச்செவேலென்று பழுக்கும். அதற்குப் பக்கத்தில் இருப்பது அண்ணி. அதனால் பற்றரியை விட்டு ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். கேபிள் எரியுமுன் அது எரிய வேண்டும்.

எத்தனை ஆம்பியர்? பெரிதாகப் போட்டால் கேபிளைக் காப்பாற்றாது. சிறிதாகப் போட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் இழுப்பில் போய்விடும். நான் நூற்றைம்பது போட்டேன். கழகத்தில் பாதிப்பேர் அந்தக் கேபிளுக்குப் பியூஸே போடுவதில்லை என்று அலுவலக நண்பர் சொன்னார். அது எனக்கு இன்னும் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் அந்தப் பியூஸைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாமி பாதியில் எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

எங்கள் வீட்டு இருட்டு

பியூஸ் மீது எனக்குள்ள இந்தப் பக்திக்குக் காரணம் அம்மாவின் ரோல்ஸ்.

நான் சிறுமியாக இருந்தபோது, யாருக்காவது பிறந்தநாள் என்றால் அம்மா உள்ளே கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரிப்பார். அதே நேரம் அவணில் கேக் இருக்கும். குளியலறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஓடும். அறையில் ஹீற்றர். யாரோ கேத்திலைப் போடுவார்கள். டக்கென்று வீடு இருண்டுவிடும். "சிக்ரிங் போட்டுது," என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வோம். பியூஸ் போய்விட்டது என்று அர்த்தம்; பியூஸுக்கு நோர்வேயில் சிக்ரிங் என்றுதான் பெயர். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுதான்.

நான் பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிடுவேன். வெளிச்சம் வரும்போது கைதட்டுவார்கள். எதையெதை ஒன்றாகப் போடக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அம்மா அதன் மேல் கோயில் கலண்டரை மாட்டினார்.

அண்ணியின் வீட்டு இருட்டு வேறு மாதிரி. அங்கே தூக்கிவிடச் சுவிட்ச் கிடையாது. பீங்கான் பீஸ் கட்டையை வெளியே உருவி, எரிந்துபோன கம்பியைத் தட்டிவிட்டு, புதிய கம்பி இழை சுற்றிச் செருக வேண்டும். அவர் வீட்டில் அதற்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். முக்காலியில் ஏறி, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு செய்வாராம். அந்தத் தெருவில் மற்ற வீட்டுக்காரர்களும் வந்து கூப்பிடுவார்களாம்.

"பீஸ் அடிக்கடி போனா ரெண்டு இழை சேத்துப் போட்டுருவேன். அப்புறம் போகவே போகாது," என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

அன்று நான் சிரித்துவிட்டு விட்டேன்.

மறுபடி மைதானம்

பரிசோதகர் காரிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மூக்கு நுனியில் கண்ணாடி.

"இது என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்கும் இப்போதுதான் தெரியும்," என்றேன். பிறகு தமிழுக்கு மாறினேன். "அண்ணி, என்ன இது?"

"பீஸு."

"இது பியூஸ் இல்லை அண்ணி. இது சடை."

"ஜனவரில போச்சுட்டி. நீ வேலைக்குன்னு பெர்கன் போயிருந்தேல்லா, அப்போ. கொட்டகைக்குள்ள வெளியே விட ஜாஸ்தி குளிரு. வண்டி இழுத்துட்டே இருந்துச்சு, ஸ்டார்ட் ஆகல. அப்புறம் டப்புனு ஒண்ணுமே இல்ல."

"உதிரி ஒண்டு வைச்சனானே."

"அதுவும் போச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அண்ணி தலைக்கவசத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். "எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வர்றவங்க எல்லார்ட்டயும் அதைப் பத்தியே பேசிட்டிருந்தே. போன்ல கேட்டே, பீஸ் எப்படியிருக்குன்னு. ஏதோ புள்ளையை விசாரிக்கிற மாதிரி. நல்லாருக்குன்னுட்டேன். மிச்சக் கேபிள் கொஞ்சம் கிடந்துச்சு, அதைப் பிரிச்சேன்."

"சரி. பின்னினது ஏன்?"

"சும்மா முறுக்கி விட்டா பாக்க நல்லாயில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்து, அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தத் தடிப்பான சடை உருகுவதற்குள் கார் முழுவதும் எரிந்து முடிந்திருக்கும். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

பரிசோதகர் நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நேர்த்தியான வேலை," என்றார். "ஆனால் பியூஸ் கூடு என்று ஒன்றைப் பூட்டினால் அதற்குள் பியூஸ்தான் இருக்க வேண்டும்; இதோடு நான் யாரையும் ஓட விடமாட்டேன். ஓட்டுநர் கூட்டம் தொடங்குவதற்குள் உண்மையான பியூஸோடு வாருங்கள்."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மற்றக் கார்கள் பாதையின் வாசலில் வரிசையாக நிற்கத் தொடங்கியிருந்தன.

இசை நின்றது

என் கருவிப் பையில் இன்னொரு பியூஸ் இருந்தது. அதுவும் நூற்றைம்பது.

"அதைப் போடு. பாஸ் ஆயிடும்ல?" என்றார் அண்ணி.

தேறிவிடும். பரிசோதகருக்கு அது போதும். அன்று நல்ல வெயில். ஒரு தடவை ஸ்டார்ட் செய்யத் தாங்கும். ஆனால் ஓட்டத்தின் நடுவே எஞ்சின் நின்று, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டி வந்தால் ஜனவரியில் நடந்ததுதான் நடக்கும். அண்ணி பாதையின் குறுக்கே செத்த காரில் இருப்பார். வளைவுக்குப் பின்னாலிருந்து மற்றவர்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

"இல்லை அண்ணி. என்ரை கணக்குத்தான் பிழை. கேபிளைத் தடிப்பாய் வாங்கிப்போட்டு, பியூஸைப் பயந்து சின்னனாய்ப் போட்டிட்டன். குளிரையும் யோசிக்கேல்லை. இந்தக் கேபிள் இருநூற்றைம்பது தாங்கும். அதுதான் வேணும்."

"இந்த வயக்காட்டுல அதை எங்க போய்த் தேட?"

தேடினோம். மைதானத்தில் எல்லாம் கிடைத்தது. டயர் கிடைத்தது, தொத்திறைச்சி கிடைத்தது, ஒருவர் முழுக் கதவே தருவதாகச் சொன்னார். பெரிய பியூஸ் மட்டும் யாரிடமும் இல்லை. பாதிப்பேர் பியூஸே போடுவதில்லை என்பது உண்மைதான்.

அப்போதுதான் காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த இசை என் மூளைக்கு எட்டியது. வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் ஒரு பழைய நீளக் கார். பின்பக்கம் முழுக்க ஒலிபெருக்கிகள். அக்கோடியனும் மேளமுமாக ஒரு ஆட்டப்பாட்டு. அதன் அதிர்வில் பக்கத்துக் கார்களின் கண்ணாடிகள் நடுங்கின. உரிமையாளர் மடக்கு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"உங்கள் அம்ப்ளிஃபயருக்கு எத்தனை ஆம்பியர் பியூஸ்?" என்று கத்திக் கேட்டேன்.

கண்ணைத் திறந்தார். "யார் அனுப்பியது? என் மனைவியா?"

"இல்லை. எங்களுக்கு ஒரு பியூஸ் தேவை."

"இருநூற்றைம்பது," என்றார். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்லும் தகப்பனின் முகம்.

"அதைக் கழற்றித் தர முடியுமா? இன்று ஒரு நாளைக்கு மட்டும்."

அவர் ஒலிபெருக்கிகளைப் பார்த்தார். அண்ணியையும் தலைக்கவசத்தையும் பார்த்தார். முடிவெடுக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரம் எங்களைத் தேடிக்கொண்டு அண்ணா வந்தார். ஓட்டத்துக்கு எதிராக இருந்தாலும் சாப்பாடில்லாமல் எங்கும் போகாதவர். கையில் அம்மாவின் ரோல்ஸ் பெட்டி.

"என்ன பிரச்சினை?" என்றார்.

"அவருக்கு ஒரு ரோல் குடுங்கோ அண்ணா. பிறகு சொல்லுறன்."

அந்த மனிதர் ஒன்றைக் கடித்தார். நிறுத்தி, உள்ளே என்ன என்று பார்த்தார். இரண்டாவதைத் தானே எடுத்தார். அதை வாயில் வைத்துக்கொண்டே காரைத் திறந்து, பியூஸைக் கழற்ற ஸ்பானரைத் தேடினார்.

இசை சட்டென்று நின்றது. முழு மைதானமும் ஒரு கணம் அமைதியானது. பிறகு எங்கோ ஒருவர் கைதட்டினார். அது பரவியது. இசையின் சொந்தக்காரர் வாய் நிறைய ரோலோடு குனிந்து வணக்கம் சொன்னார்.

அண்ணாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் உமக்காகவா?" என்றார்.

"பின்ன? உங்களுக்காகவா?" என்றார் அண்ணி.

அண்ணா பெட்டியை மூடிவிட்டு என் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

இழுத்தால் சாக வேண்டும்

பியூஸ் துளைக்குத் துளை பொருந்தியது. முதலில் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன். சடையை எடுத்துப் பையில் போட்டேன். புதியதை இறுக்கி மூடி, நெகட்டிவ்வை மறுபடி பூட்டினேன். அண்ணா டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் மூடியைத் திறந்து பியூஸில் இருந்த இலக்கத்தை வாசித்தார். கேபிளின் தடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். "ஸ்டார்ட் செய்யுங்கள்," என்றார்.

எஞ்சின் ஓடியது. அவர் வெளியே வந்து பிரதான சுவிட்சின் வளையத்தில் விரலை மாட்டி இழுத்தார்.

எஞ்சின் செத்தது. ஒரு இருமல்கூட இல்லை. ஒரு எஞ்சின் நின்றுபோனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண்ணாடியில் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது.

அண்ணி ஓட்டுநர் கூட்டத்துக்கு ஓடினார்.

புதியவர்களின் ஓட்டம் அதன் பிறகு ஒரே சேறும் சத்தமும்தான். அண்ணி பின்வரிசையில் தொடங்கினார். முதல் வளைவில் ஒருவரை முந்தினார். இரண்டாவது வளைவில் இன்னொருவரையும் முந்தினார். பக்கத்தில் அண்ணா தன்னையறியாமல் வேலியை அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில் அண்ணி தேவையில்லாமல், வெறும் ஆசைக்கு, காரைச் சறுக்கவிட்டார். அது அவர் நினைத்ததை விட அதிகமாகச் சறுக்கியது. ஒரு முழு வட்டம் சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. எஞ்சின் நின்றுவிட்டது.

முந்தப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள். ஸ்டார்ட்டரின் சத்தம் வேலிவரை கேட்டது. நீளமாக இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"போட்டுதோ?" என்றார் அண்ணா.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அடுத்த இழுப்பு வரும் என்று காத்திருந்தேன். அது வராவிட்டால் பியூஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

வந்தது. முன்னதை விட நீளமாக. அதன் முடிவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சேற்றை வாரி இறைத்தபடி கார் திரும்பியது.

அண்ணி கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் இறங்கித் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் சேறு. நடுவில் பல் மட்டும் தெரிந்தது. அண்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"ஏட்டி, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். பீஸ் போகல," என்றார்.

"ஜனவரியிலையும் நல்லாயிருக்கெண்டுதானே சொன்னனீங்கள்," என்றேன்.

"நிஜமாத்தான். வந்து தொட்டுப் பாரு."

ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால் குனிந்து மூடியைத் திறந்தேன். பியூஸ் இளஞ்சூடாக, முழுதாக இருந்தது.